வந்த ஆள் நிலைக்க வேண்டும்

(தொடர் கல்வி மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்றைய பேச்சு வேலைக்கு ஆள் சேர்ப்பது பற்றியது. சேர்ந்த ஆள் விட்டுப் போகாமல் நிலைப்பது பற்றியது.

"இது முதலாளியின் கவலை அல்லவா? கூலிக்காரருக்கு இதில் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி ஒதுக்கிவிட முடியாது. இங்கே இருப்பவர்களில் பலர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள். பலர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள். சிலருக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் ஏலம் உண்டு. காய் எடுக்கும் காலத்தில் அவர்களே நாலு பேரை வேலைக்கு வைக்கிறார்கள். குடும்பஸ்ரீ குழுவில் சேர்ந்து தையல் நிலையம் நடத்தும் பெண்களும் இருக்கிறார்கள். இன்று கூலி வாங்குகிறவர் நாளைக்குக் கூலி கொடுக்கிறவர் ஆகலாம். ஆகவே இந்தப் பேச்சு இரண்டு பக்கத்தாருக்கும் வேண்டியது.

எங்கே போனாலும் ஒரு பேச்சுக் கேட்கிறது. "ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் நிற்பதில்லை." ஏன் நிற்பதில்லை? எது இருந்தால் நிற்பார்கள்? இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். இந்த மலையின் கதையே பதில் சொல்லும்.

கங்காணி வந்த கதை

1877-ஆம் ஆண்டு மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். முதலில் காப்பி, சிங்கோனா போன்றவற்றைப் பயிர் செய்து பார்த்தார்கள். பிறகு தேயிலை வந்தது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி தொடங்கியது.

மலை இருந்தது. செடி இருந்தது. ஆள் இல்லை. காட்டை வெட்ட ஆள் வேண்டும். பாதை போட ஆள் வேண்டும். கொழுந்து கிள்ள ஆள் வேண்டும்.

அப்போது கங்காணிகளைக் கீழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர்கள் போனார்கள். அங்கே மழை பொய்த்திருந்தது. நிலம் இல்லாத குடும்பங்கள் பசியில் கிடந்தன. கங்காணி அதே ஊர்க்காரர். சில நேரம் சொந்தக்காரர். அவர் பேச்சை ஜனங்கள் நம்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. தெரிந்த முகம் கூப்பிட்டால் ஆள் வரும். இது இன்றைக்கும் உண்மை. ஒரு கடையில் நல்லபடியாக வேலை செய்கிற பெண், தன் தங்கையை அழைத்து வருவாள். ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டினாலும் அந்த நம்பிக்கை வராது.

ஆனால் கங்காணி எல்லா உண்மையையும் சொல்லவில்லை. மலையில் குளிர் உண்டு, அட்டை உண்டு, மலேரியாக் காய்ச்சல் உண்டு என்று சொல்லவில்லை. கையில் கொஞ்சம் முன்பணம் கொடுத்தார். அந்தப் பணம்தான் பிறகு கயிறாக மாறியது.

கடன் என்னும் கயிறு

முன்பணம் வாங்கியவர் கடன்காரர் ஆனார். வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் கடன் கணக்கில் ஏறின. கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. தொழிலாளிக்கு எழுத்துத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. கடன் தீரும்வரை ஊருக்குப் போக முடியாது. கடனோ தீருவதாக இல்லை.

கங்காணிக்கும் ஒரு கணக்கு இருந்தது. எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனை தலைக்கு அவருக்குக் கமிஷன். அதனால் காய்ச்சல் என்றாலும் எழுப்பி அனுப்பினார்.

சட்டமும் அன்று முதலாளி பக்கம் நின்றது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-இல் ஒரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறையில் போடலாம் என்றது அந்தச் சட்டம். 1925-இல்தான் அதை நீக்கச் சட்டம் செய்தார்கள்.

பக்கத்தில் இருக்கும் வால்பாறை மலையிலும் இதே கதைதான். அங்கே தோட்ட மருத்துவராக இருந்தவர் டாக்டர் பி. எச். டேனியல். தொழிலாளர் பட்ட பாட்டை அவர் நாவலாக எழுதினார். அது 1969-இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் வந்தது. 2013-இல் வந்த 'பரதேசி' படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்கு இந்த நாவல்தான் தூண்டுதல்.

அப்படிக் கட்டி வைத்தும் ஆட்கள் நிலைத்தார்களா? இல்லை. இருட்டில் மலை இறங்கி ஓடினார்கள். பலர் நோயில் இறந்தார்கள். கங்காணி மறுபடியும் கீழே போக வேண்டியிருந்தது. கட்டி வைப்பது வேறு. நிலைக்க வைப்பது வேறு. மாட்டைக் கயிற்றால் கட்டலாம். மனிதரைக் கட்டினால் உடம்பு மட்டும் நிற்கும், மனசு ஓடிவிடும்.

அமெரிக்காவில் ஒரு கணக்கு

இந்தச் சிக்கல் இங்கே மட்டும் இருந்தது இல்லை. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு என்பவர் கார் தொழிற்சாலை நடத்தினார். வேலை மிகவும் சலிப்பானது. நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்று ஒரே திருகாணியை முடுக்க வேண்டும். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 1913-இல் சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலை அது. அந்த 14,000 பேரை வைத்திருக்க ஓர் ஆண்டில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது!

1914 ஜனவரியில் ஃபோர்டு ஓர் அறிவிப்புச் செய்தார். நாளுக்கு 9 மணி நேர வேலை 8 மணி நேரம் ஆனது. சுமார் இரண்டரை டாலராக இருந்த கூலி 5 டாலர்வரை உயர்ந்தது. தொழிற்சாலை வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். விட்டுப் போவது பெரிதும் குறைந்தது.

ஃபோர்டு தருமம் செய்யவில்லை. கணக்குப் பார்த்தார். புதிய ஆளைத் தேடவும் பழக்கவும் செலவு ஆகிறது என்பதைக் கண்டுகொண்டார். ஆனால் அவர் இன்னொன்றும் செய்தார். தொழிலாளி வீட்டில் எப்படி நடக்கிறார் என்று பார்க்க ஆள் அனுப்பினார். அது தொழிலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. கூலி கொடுத்தால் வேலையைக் கேட்கலாம். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் உரிமையைக் கேட்க முடியாது.

சட்டம் கொண்டுவந்த மாற்றம்

மீண்டும் இந்த மலைக்கு வரலாம். நாடு விடுதலை அடைந்த பிறகு கங்காணி முறை படிப்படியாக ஒழிந்தது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் என்ன சொன்னது? தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டும். குடிநீர், கழிப்பறை வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். 150 பேர் இருந்தால் சாப்பாட்டுக் கூடம் வேண்டும். இந்தச் சட்டம் பின்னாளில், 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது.

இந்த வசதிகள் பல ஆண்டுப் போராட்டத்தால் கிடைத்தவை. அதே வசதிகளால் தோட்டங்களும் நன்மை அடைந்தன. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடம் இருந்தது. அதனால் தாய் நிம்மதியாகக் கொழுந்து எடுத்தாள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது லேசான வேலை இல்லை. கைக்குப் பழக வருடங்கள் ஆகும். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அந்தக் கைப்பழக்கத்தைக் காப்பாற்றினார்கள்.

மூணாறில் இன்னொரு நல்ல வேலையும் நடந்தது. தோட்டத் தொழிலாளர் வீடுகளில் உடல் குறைபாடும் மனவளர்ச்சிக் குறைபாடும் உள்ள குழந்தைகள் இருந்தார்கள். தேயிலைக் கம்பெனி 1991-இல் அவர்களுக்குப் பள்ளி தொடங்கியது. பிறகு 'சிருஷ்டி' என்ற பெயரில் தொழில் கூடங்கள் வந்தன. வளர்ந்த பிள்ளைகள் அங்கே துணிக்கு இயற்கைச் சாயம் ஏற்றுகிறார்கள். கையால் காகிதம் செய்கிறார்கள். "இவனால் ஒன்றும் ஆகாது" என்று ஊர் சொன்ன பிள்ளை, தன் கைக்கேற்ற வேலையில் சரியான ஆள் ஆனான். சரியான ஆள் என்பவர் தேடி எடுக்கப்படுகிறவர் மட்டும் இல்லை, பழக்கி ஆக்கப்படுகிறவரும்தான்.

பங்கு இருந்தது, பேச்சு எடுபடவில்லை

2000-க்குப் பிறகு தேயிலை விலை விழுந்தது. பீருமேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலி நின்றது. பணிக்கொடைக்காகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். குடும்பங்கள் வேறு வேலை தேடி வெளியேறின.

மூணாறில் வேறு ஒரு வழி பிறந்தது. டாடா டீ கம்பெனி பெரும்பாலான தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகியது. 2005-இல் புதிய கம்பெனி உருவானது. அதன் பங்குகளில் பெரும் பகுதியை ஊழியர்களே வாங்கினார்கள். அப்போது 12,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்த கம்பெனி அது. கொழுந்து எடுக்கிறவரும் பங்குதாரர் ஆனார். நாடே இதை வியந்து பார்த்தது.

பத்து ஆண்டு கழிந்தது. 2015-ஆம் ஆண்டு போனஸ் அறிவித்தார்கள். முந்தைய ஆண்டில் 19 சதவீதம். அந்த ஆண்டு 10 சதவீதம் என்றார்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். செப்டம்பரில் பெண்கள் திரண்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. சங்கத் தலைவர்கள் வந்தபோது அவர்களையும் விலகச் சொன்னார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்பதே அவர்கள் அமைப்பின் பெயருக்குப் பொருள். ஒன்பது நாள் போராட்டம் நடந்தது. முடிவில் போனஸும் ஊக்கத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் ஆனது.

கம்பெனி சொன்ன காரணம் தேயிலை விலை குறைந்தது, லாபம் குறைந்தது என்பது. வியாபாரத்தில் அப்படி நடக்கும். ஆனால் பெண்களின் கேள்வி வேறு. "பாரம் சுமக்கிற எங்களை யார் கேட்டார்கள்?" என்பதுதான் அவர்கள் கோபம். காகிதத்தில் பங்கு இருந்தது. பேச்சு எடுபடவில்லை. மேலே இருப்பவர் காது கொடுக்கவில்லை என்றால், பங்கு கொடுத்தாலும் மனசு நிறையாது.

மகள் ஏன் மலையில் நிற்கவில்லை?

இப்போது கடினமான கேள்விக்கு வரலாம். லயத்து வீடு தொழிலாளியை மலையில் நிறுத்தியது. ஆனால் வேலை முடிந்தால் வீட்டை விட வேண்டும். ஆகவே அது சொந்த வீடு ஆகவில்லை. பல வீடுகளில் ஒரே அறை. அதில் ஒரு குடும்பம் முழுதும் இருக்கும்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள் போயின. தூங்கப் போனவர்கள் எழவில்லை. வீடு என்றால் நாலு சுவரும் கூரையும் மட்டும் இல்லை, அது நிற்கிற இடமும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அந்த இரவு எல்லோருக்கும் சொன்னது.

தாய் தன் கூலியில் மகளைப் படிக்க வைத்தாள். படித்த மகள் கூடை சுமக்க விரும்பவில்லை. கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ எர்ணாகுளத்துக்கோ போகிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. உயர வழி இல்லாத வேலையில் யாரும் தன் பிள்ளையை விட மாட்டார்கள். ஆள் நிலைக்க வேண்டும் என்றால், இன்றைய கூலி போதாது. நாளைக்கு என்ன என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

புதிய முகங்கள்

இன்று தோட்டங்களுக்கு ஜார்க்கண்டு, அஸ்ஸாம் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து பெண்கள் தினமும் ஜீப்பில் மலை ஏறுகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக விடியலில் ஜீப்புகள் வரிசையாக வரும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதறும். 2020-இல் ஊரடங்கு வந்து எல்லை அடைபட்டது. அப்போதுதான் அந்த ஜீப்புகளின் அருமை பல தோட்டக்காரருக்கு விளங்கியது.

பாலக்காட்டு எல்லையில் கஞ்சிக்கோடு இருக்கிறது. அங்கே தொழிற்சாலைகளில் வடநாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகக் கேரள அரசு 'அப்னா கர்' என்ற தங்கும் விடுதியைக் கட்டியது. 2019-இல் திறந்தார்கள். 620 பேர் தங்கலாம். இந்தியில் அந்தப் பெயருக்கு 'நம் வீடு' என்று அர்த்தம். வந்தவருக்குத் தலை சாய்க்க நல்ல இடம் வேண்டும் என்பதை அரசும் ஒத்துக்கொண்டது.

நூறு ஆண்டுக்கு முன் இந்த மலைக்கு வந்த தமிழர்களும் இப்படித்தான் வந்தார்கள். மொழி தெரியாமல், குளிர் தாங்காமல், ஊரை நினைத்து அழுதபடி வந்தார்கள். இன்று வருகிற ஜார்க்கண்டுப் பெண்ணை "அந்நிய ஆள்" என்று ஏளனம் செய்யும்போது இதை நினைக்க வேண்டும்.

ஒரு தையல் நிலையத்தின் கணக்கு

சிறு தொழிலுக்கும் இதே கணக்குதான். ஒரு தையல் நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பழகியவர் நாளுக்கு 8 சட்டை தைப்பார். புதியவர் 4 சட்டை தைப்பார். ஒரு சட்டைக்கு நிலையத்துக்கு 30 ரூபாய் மிச்சம்.

பழகியவர் விட்டுப் போனால் நாளுக்கு 4 சட்டை குறையும். 4 பெருக்கல் 30, 120 ரூபாய் நஷ்டம். புதியவர் பழக 50 வேலை நாள் ஆனால், 120 பெருக்கல் 50, மொத்தம் 6,000 ரூபாய் நஷ்டம்.

இப்போது மறுபக்கம் பார்க்கலாம். பழகியவருக்கு நாளுக்கு 20 ரூபாய் கூட்டினால், 300 நாளுக்கு அதே 6,000 ரூபாய்தான். ஒருவர் போனாலே சரிக்குச் சரி. வருடத்தில் இரண்டு பேர் மாறினால் நஷ்டம் 12,000. கெட்டுப்போன துணி, கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளர் இவை கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு குழுவும் தன் தொழிலுக்கு இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆள் வைப்பவர் செய்ய வேண்டியவை

முதலில், உண்மையைச் சொல்லுங்கள். கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், என்ன கஷ்டம் என்று முன்னாலேயே சொல்லுங்கள். உண்மை கேட்டு வந்தவர் நிற்பார். ஏமாந்து வந்தவர் ஓடுவார்.

சாதி, மதம், ஊர் பார்க்காதீர்கள். கை வேலையைப் பாருங்கள். இரண்டு நாள் வேலை கொடுத்துப் பாருங்கள். அந்த இரண்டு நாளுக்கும் கூலி கொடுங்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி. 1976-இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

முன்பணத்தைக் கயிறு ஆக்காதீர்கள். கடனுக்காக ஒருவரைக் கட்டாய வேலை வாங்குவது கொத்தடிமை முறை. அதையும் 1976-இல் சட்டம் ஒழித்தது. ஆதார் அட்டையை வாங்கிப் பூட்டி வைப்பதும் தவறு.

கூலியைச் சொன்ன நாளில் கொடுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை கொடுங்கள். மாதம் ஒரு முறை உட்கார்ந்து அவர்கள் குறையைக் கேளுங்கள். கேட்டதில் ஒன்றையாவது சரி செய்யுங்கள். வேலை பழகியவருக்குப் பொறுப்பும் கூலியும் கூட வேண்டும்.

வேலைக்குப் போகிறவர் கேட்க வேண்டியவை

தினக்கூலி எவ்வளவு? கூலி என்றைக்குக் கிடைக்கும்? எந்தக் காரணத்துக்குப் பிடித்தம் செய்வார்கள்? அடிபட்டால் யார் பொறுப்பு? சேமநிதி உண்டா? இவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வேலை செய்த நாளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் தாளைப் படியுங்கள். முழுதும் விளங்கவில்லை என்றால், விளங்கும்வரை கேளுங்கள். கங்காணி காலத்தில் கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்தது. காரணம், மற்றவருக்குப் படிக்கத் தெரியாது. இன்று படிக்கத் தெரியும். ஆகவே கணக்கு இரண்டு பேர் கையிலும் இருக்கட்டும். அப்படி இருக்கும் இடத்தில்தான் வந்த ஆள் நிலைப்பார், தொழிலும் நிலைக்கும்.

வீட்டுக்குப் போனதும் எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். போன மாதம் எத்தனை நாள் வேலை செய்தீர்கள், அல்லது செய்ய வைத்தீர்கள், எவ்வளவு கூலி என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். அன்றைய பாடம் அதிலிருந்தே தொடங்கும்.